மாறா அன்பும் மீளா நரகும்

மக்கள் கடவுளை மறந்தாலும் கடவுள் மக்களை மறவார். மக்கள் உடன்படிக்கையை முறித்தாலும் அவர் முறியார். பிழைத்தோடினாரைப் பின்தொடர்ந்து சென்று மீட்பதே அவரது அன்பின் இயல்பு என்பது, கிறிஸ்து சமயத்தார் தம் சமயத்திற்கே உரிய தனிச்சிறப்பென எடுத்துக்காட்டுங் கொள்கையாம். இதனோடு சேர்த்து அவர் கூறும் பிறிதொன்றும் உண்டு. சைவர் கூறுங் கடவுள் வினைக்கணக்குப் பார்த்துப் பயனூட்டும் அதிகாரியேயன்றிக் கெட்டார்மேல் உருகுந் தந்தையல்லர் என்பது அது. இவ்விரண்டனையும் ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

இவற்றை மறுக்க எழுந்த நம்மவரிற் சிலர், பழைய ஏற்பாட்டிற் காணப்படும் சினம், போர், கொலை, வாதை என்பவற்றை அடுக்கிக்காட்டி, ‘இவரோ அன்புடைய கடவுள்?’ என வினவி அவ்வளவில் அமைந்துவிடுவர். அது முறையான மறுப்பன்று. பிறர் நூலிற் கடுமையாகத் தோன்றும் இடங்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் பேசுவோமாயின், நம் புராணங்களிலும் அவ்வாறே பொறுக்கியெடுத்து நம்மை இகழ்வார்க்கு விடை கூறும் உரிமையை இழந்தவராவோம். ஒரு சமயத்தை அதன் உயர்ந்த இடத்தில் வைத்தே அளத்தல் வேண்டும். ஆறுமுக நாவலர் பர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்து, அந்நூலை நன்கு கற்றவர். 1854-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம், எதிரிகளின் நூலைக்கொண்டே எதிரிகளுக்கு விடையிறுக்கும் வன்மை பெற்றது அக்கல்வியினாலன்றோ? ஆதலின் யாமும் கிறிஸ்தவர் தம் கொள்கைக்கு உயிர்நிலையாகக் காட்டும் நூலொன்றையே எடுத்துக்கொள்வாம். அஃது ஓசியா என்னுந் தீர்க்கதரிசியின் நூல்.

ஓசியா, கி.மு. 8-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாம் அரசாண்ட காலத்தில், இஸ்ரவேலின் வடநாட்டில் வாழ்ந்தவர். கர்த்தரோடு உடன்படிக்கை செய்துகொண்ட அம்மக்கள் அக்காலத்திற் பாகால் வழிபாட்டில் ஆழ்ந்திருந்தனர். கி.மு. 722-ஐ ஒட்டி அசீரியர் சமாரியாவைக் கைப்பற்ற, அவ்வரசே அழிந்தொழிந்தது. அவ்வழிவிற்கு முன்னே நின்று பேசியவர் இவர். இவருக்கு இடப்பட்ட கட்டளை கேட்பார்க்கு நடுக்கந் தருவது. கற்புநெறி தவறுவாளொருத்தியை மணந்துகொள் என்பது கட்டளை. திப்லாயிமின் மகளாகிய கோமேரை அவர் மணந்தார். பிறந்த மக்கள் மூவர்க்கும் இடப்பட்ட பெயர்களே தண்டனைத் தீர்ப்புக்களாம். முதல்வனுக்கு யெஸ்ரயேல் என, குருதி சிந்திய ஓர் இடத்தின் பெயர். பெண்ணுக்கு லோருகாமா, அஃதாவது இரக்கம் பெறாதவள். இளையவனுக்கு லோகம்மீ, அஃதாவது என் மக்களல்லர். பின்னர், மூன்றாம் அதிகாரத்தில், வேறொருவனை விரும்பிப் பிழைத்த பெண்ணொருத்தியை மீண்டும் சென்று நேசிக்கும்படி கட்டளை பிறக்கின்றது. அவள் பெயர் அங்குக் கூறப்பட்டிலது. கோமேரே என்பது பெரும்பாலார் துணிபு. தமக்குரியவளை அவர் 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் விலையாகக் கொடுத்து மீட்கின்றார்.

இக்கதையினும் ஆழமுடையது இரண்டாம் அதிகாரம். இஸ்ரவேலாகிய அப்பெண், தனக்குக் கிடைத்த தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் தன் காதலர் தந்தனவென எண்ணியிருந்தாள். தந்தவர் தலைவரே என்பதை அவள் அறிந்திலள். தலைவர் அவள் போகும் வழியை முள்வேலியிட்டு அடைக்கின்றார். அவள் தேடியவரை அடையாதபடி தடுக்கின்றார். கொடுத்தவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றார். பின்பு வனாந்தரத்திற்கு அழைத்துச்சென்று அவள் நெஞ்சொடு பேசுகின்றார்.

சித்தாந்த நூல்களிற் பயின்ற அன்பர்க்கு இவ்விடம் என்ன தோற்றும்? கொடுப்பவன் மறைந்துநின்று கொடுத்தலும், உயிர் அவனை நோக்காது கொடுக்கப்பட்ட பொருளையே நோக்கி ஓடுதலும், அவ்வோட்டம் இளைக்குமளவும் அவன் உடனின்று நடத்துதலும், இளைத்தவழித் தன்னைக் காட்டுதலும் திரோதான சத்தியின் தொழிலென நம் ஆசிரியர் வகுத்துக் கூறியன அல்லவோ? உமாபதி சிவாசாரியார் திருவருட்பயன் முதலிய நூல்களில் விளக்கிய மறைப்பாற்றலின் இயல்பை, அப்பெயரறியாத பாலைநாட்டுப் பெரியார் ஒருவர் தம் இல்வாழ்க்கையின் புண்ணிலிருந்து கண்டு கூறினார். இதனை ஒப்புக்கொள்ள யாம் நாணுவதென்னை? சிவபிரான் தன்னை நாடுவார்க்கு உணர்த்தும்வழி, தமிழ் மொழியோ வடமொழியோ எபிரேய மொழியோ எனப் பார்ப்பவனல்லன்.

எபிரேயர் இவ்வன்பைக் ‘கெசெட்’ என்னுஞ் சொல்லாற் குறித்தனர். தமிழ் விவிலியத்தில் இது பெரும்பாலும் ‘கிருபை’ எனப்பட்டது. அச்சொற்குப் பொருள் வெறும் இரக்கம் மட்டுமன்று. ஒருவர்க்கொருவர் பூண்ட உறவின் கடப்பாட்டிற் பிறழாத அன்பு என்பதாம். சங்கீதங்களில் 136-ஆவது, அக்கெசெட் என்றும் உள்ளதென்பதைத் தன் 26 வசனங்களினும் விடாது பல்லவியாகப் பாடுகின்றது.

நம் பெரியபுராணத்தில் இதற்கு இணையான வரலாறொன்று உண்டு. ‘சைவர் கடவுள் கணக்கன்’ என்பார் அதனை ஒருமுறையேனும் ஓதியிருப்பரோ என்பது ஐயம். திருவொற்றியூரில் மகிழமரத்தின் கீழே சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுற்ற நம்பியாரூரர், திருவாரூர் நினைவு மேலிட அவ்வூரெல்லையை நீங்கினார். நீங்கிய அளவிலே இரு கண்ணும் மறைந்தன. சூளுறவு பொய்த்தார்க்குத் தண்டம் தப்பவில்லை. தோழரென்பதனால் நடுவுநிலை கோடவில்லை. ஆயின் தண்டித்தவனே திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கொடுத்தான். காஞ்சியில் ஒரு கண் கொடுத்தான். திருவாரூரில் மற்றைக் கண்ணும் கொடுத்தான். அம்மட்டோ? ஊடிய பரவையார் மனைக்கு நள்ளிரவில் தானே தூது நடந்தான். ஒருமுறை சென்று பயன்படாதாக இரண்டாமுறையும் நடந்தான். பிழை செய்தவர் யார், வீதியில் நடந்து வருந்தினவன் யார் என்பதைச் சேக்கிழார் பாடக் கேட்டும், இதனை அன்பன்று கணக்கென்பார்க்கு யாம் வேறு காட்ட வல்லதொன்றில்லை. ஒறுத்தலும் அருளே, மறக்கருணையே என்பது இவ்வரலாற்றாற் பெறப்படும்.

இதுகாறும் இரு சமயமும் ஒருவழிச் சென்றன. இனித்தான் வழக்கு.

ஓசியாவின் கடவுள் பிழைத்தவளை எதுவரை பின்தொடர்வார்? உயிர் உடலைவிட்டு நீங்குமளவுமே என்பது கிறிஸ்து சபைகளிற் பெரும்பாலானவற்றின் விடை. அதற்குப் பின் அன்பிற்கு வேலையில்லை; நரகிற்கே வேலை; அந்நரகுக்கு முடிவுமில்லை. ஆகஸ்தீனார் (354–430) ‘கடவுளின் நகரம்’ என்னும் தம் பெருநூலின் 21-ஆம் பகுதியை இம்முடிவில்லாத் துன்பத்தை நிலைநாட்டவே செலவிட்டார். எல்லாரும் ஒருநாள் உய்வரென நம்பிய இரக்கமுடையாரை அதில் மறுத்தார். கால்வின் (1509–1564) ஒருபடி மேற்சென்று, இன்னார் வாழ்விற்கு இன்னார் அழிவிற்கு எனக் கடவுள் உலகம் தோன்றுமுன்னரே நியமித்தார் என்றார். அந்நியமம் அஞ்சத்தக்கதென அவரே ஒப்புக்கொண்டார். 1646-இல் இயற்றிய வெஸ்ட்மினிஸ்டர் விசுவாச அறிக்கையும் அதனையே வழிமொழிந்தது. 1741-இல் அமெரிக்க நாட்டு ஜொனத்தான் எட்வர்ட்ஸ் செய்த பிரசங்கம், சினங்கொண்ட கடவுளின் கையில் நெருப்பின்மேல் தொங்கும் பாவியைக் கேட்டோர் கண்முன் நிறுத்திப் புகழ்பெற்றது. உரோமச் சபை 1992-இல் வெளியிட்ட மறைக்கல்வி நூல், கடவுள் எவரையும் நரகிற்கென முன்குறிப்பதில்லையெனக் கால்வினை விலக்கினும், நரகம் நித்தியமானதென்பதைக் கைவிடவில்லை.

இங்ஙனமாயின், 136-ஆம் சங்கீதத்தின் பல்லவி என்னாவது? ‘என்றும்’ என்ற சொல் அன்பிற்கு அடையாகும்போது எழுபதாண்டும், நரகிற்கு அடையாகும்போது எல்லையில் காலமுமாகப் பொருள்படுமோ? கணவன் தன் மனைவியை விலைகொடுத்து மீட்டான், அவள் மறுநாளே இறந்தாள், இறந்தபோது அவள் நெஞ்சம் இன்னும் திருந்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். முந்தைநாள் வாற்கோதுமை அளந்தவன் இன்று அவளை நெருப்பிலிட்டு எக்காலமும் பார்த்திருப்பன் என்றால், அவன் அளந்தது அன்போ?

தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் இச்சிக்கல் அடுத்தடுத்த இரண்டு வசனங்களாகவே நிற்கின்றது. 12-ஆம் வசனம், நாம் மறுதலித்தால் அவரும் நம்மை மறுதலிப்பார் என்னுங் கருத்தினது. 13-ஆம் வசனம், நாம் உண்மையில்லாதவரானாலும் அவர் உண்மையுள்ளவராகவே இருப்பார், தம்மைத் தாமே மறுதலிக்க அவரால் இயலாது என்னுங் கருத்தினது. எவ்வசனம் எதற்கு அடங்கும்? உண்மைமாறாமை கடவுளுக்கு இயல்பென்றால், அவர் மறுதலித்தலும் அவ்வியல்புக்குள் அடங்கிய ஒறுப்பாய், திருத்தும் பொருட்டாய், முடிவுடையதாய் இருத்தல் வேண்டும். மறுதலித்தல் முடிவற்றதென்றால் உண்மைமாறாமை முடிந்துபோயிற்றென்பதே பொருள். இரண்டும் நிற்கும் என்பார், நெருப்பும் குளிர்ச்சியும் ஓரிடத்து நிற்குமென்பாரோடு ஒப்பர்.

அற்றன்று, கடவுள் யாரையும் நரகில் தள்ளுவதில்லை. உயிர் தன் சுதந்தரத்தால் தானே அதனைத் தெரிந்துகொள்கின்றது. அன்புடையவர் வற்புறுத்தார் எனின் — இக்காலத்துக் கிறிஸ்தவ அறிஞர் பெரிதும் பற்றுவது இவ்விடையே. இதற்கு அவர்தம் ஓசியாவே மறுப்பு. கோமேரும் தன் சுதந்தரத்தாலன்றோ போயினாள்? அவள் தெரிவை மதித்து வாளாவிருந்தாரா தலைவர்? வழியை முள்ளிட்டு அடைத்தாரன்றோ? மேலும், எதனைச் சுதந்தரம் என்கின்றனர்? கண்ணிற் படலம் மூடியவன் பள்ளத்தை வழியென்று தெரிந்துகொள்ளுதல் அவன் தெரிவென்று சொல்லத்தக்கதோ? ஆணவத்தால் அறிவு மறைப்புண்ட உயிர் நன்மையை நன்மையென்று கண்டபின் வெறுத்ததில்லை; காணாமையால் வெறுக்கின்றது. படலத்தை உரிக்க வல்ல மருத்துவன், ‘அவன் விரும்பித்தான் விழுந்தான்’ என்று கரையில் நிற்பானாயின் அவனை யாம் மருத்துவன் என்னோம். அன்றியும், ஓருயிர்க்கு 80 ஆண்டும் ஓருயிர்க்கு 20 ஆண்டும் ஓருயிர்க்கு இரண்டு நாளும் தவணை கொடுத்து, அவற்றின் முடிவில் எல்லார்க்கும் ஒரேவகையான முடிவிலாத் தீர்ப்பு விதித்தல் எந்நீதியில் அடங்கும்?

நேர்மையாளராகிய கிறிஸ்தவர் சிலர் இதனைத் தொடக்கத்திலேயே கண்டனர் என்பதும் கூறத்தக்கது. அலெக்சாந்திரியாவின் ஓரிசன் (ஏறக்குறைய 185–253), எல்லா அறிவுப்பொருள்களும் முடிவிற் கடவுளை அடையும் எனக் கருதினார். உயிர்கள் இவ்வுடம்பிற்கு முன்னும் இருந்தனவென்றும் கருதினார். நீசா நகரத்துக் கிரகோரியார் 4-ஆம் நூற்றாண்டில், தண்டனைத் தீ களிம்பை எரித்துப் பொன்னை எஞ்சவைக்கும் தீயே என்னுங் கருத்தினராயிருந்தார். ஜஸ்தினியன் அரசன் 543-இல் ஓரிசன் கொள்கையைக் கண்டித்துக் கட்டளை பிறப்பித்தான். 553-இல் கான்ஸ்தாந்திநோபிளிற் கூடிய சங்கம் அவர் பெயரை மறுக்கப்பட்டோர் வரிசையில் வைத்தது. கிரகோரியாரோ இன்றளவும் தூயவராகவே போற்றப்படுகின்றார். ஒரே நம்பிக்கையைச் சொன்ன ஒருவர்க்குச் சாபமும் ஒருவர்க்குத் திருநாளும் கிடைத்தமை வியப்பே. நம் காலத்தில், 2019-இல், கீழைச் சபையைச் சார்ந்த டேவிட் பெந்திலி ஹார்ட் என்பார், முடிவிலா நரகம் உண்மையாயின் கடவுள் நல்லவரென்னும் சொல்லுக்கே பொருளில்லையெனத் தனிநூல் எழுதினார். ‘நித்திய’ என மொழிபெயர்க்கப்படும் ‘அயோனியோஸ்’ என்னும் கிரேக்கச் சொற்கு ‘வருமூழிக்குரிய’ என்பதே பொருளென அவர் போன்றார் வாதிப்பர். அச்சொல்லே மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் ஒரே வசனத்துள் தண்டனைக்கும் வாழ்விற்கும் வருதலின், ஒன்று முடியின் மற்றதும் முடியுமே என ஆகஸ்தீனார் முன்னரே மடக்கினார். இச்சொற்போர் அவர்க்குள் நடப்பது; யாம் இடைபுகோம். நம் நாட்டிலும் மத்துவர் சில உயிர்க்கு மீளா இருளை விதித்தாராதலின், இக்குறை கிறிஸ்தவர்க்கே உரியதென்றுங் கூறோம்.

ஆயினும் ஓரிசன் வழியினர்க்கும் ஒரு குறை உண்டு. எல்லாரும் மீள்வர் என்று அவர் ஆசையாற் கூறினர். எவ்வாறு மீள்வர் என்பதற்கு வழி காட்டிலர். உடம்பும் கருவியும் உலகும் இன்றி, வெறுந் தீயில் நிற்கும் உயிர் எதனை அறிந்து திருந்தும்? இளைத்தற்கு ஓட்டம் வேண்டும். ஓட்டத்திற்கு உடம்பு வேண்டும். கோமேர் திருந்தியது வழியடைபட்டும், வனாந்தரத்தில் நடந்தும், பசித்தும், கேட்டுமேயன்றிச் சும்மா எரிந்தன்று. தனு கரண புவன போகங்களை இறைவன் மீளமீளக் கூட்டுதல், வினைக்கணக்குத் தீர்ப்பதற்கென்றே அமைந்ததன்று. மலபரிபாகம் வருவித்தற்கு அமைந்தது. பிறப்பென்பது, ஓசியா ஒருமுறை அளந்த வாற்கோதுமையை இறைவன் ஒவ்வொருமுறையும் அளந்துகொண்டேயிருத்தலாம். வினை சடம், தானே சென்று பயன் தராது, அதனைக் கூட்டுவிப்பவன் அருளுடையான். ஆதலின் வினை உண்டெனக் கொள்ளுதல் அருளை மறுத்தலன்று. மாறா அன்பென்னுங் கொள்கையை அதன் முடிவுவரை கொண்டுசெல்வார் மறுபிறப்பை வேண்டியே தீர்வர்.

இனி, அவர் எழுப்பும் தடைகளில் உண்மையாகவே கனமுடையது ஒன்று. ஓசியாவின் கடவுள் நோகின்றார், உள்ளம் புரள்கின்றார். உங்கள் சிவனோ நிர்விகாரி. நோவாத அன்பும் அன்பாமோ என்பர். இத்தடை நமக்கு மட்டும் உரியதன்று. அக்குவினாஸ் தோமையார் (ஏறக்குறைய 1225–1274) முதலிய அவர்தம் பேராசிரியரும் கடவுள் விகாரமிலர் என்றே கொண்டனர். எனினும் நம் விடையைக் கூறுவாம். ஓசியா 11-ஆம் அதிகாரத்தில், நடை பழகிக்கொடுத்த மகனாகிய எப்பிராயீமை அழிக்கேன் என்று கடவுள் துணிதற்குக் காரணமாகக் கூறப்படுவது யாது? தாம் மனிதரல்லர், கடவுள் என்பதே. மலாக்கியாவின் நூலும், கர்த்தர் மாறாதவராதலினாலேயே யாக்கோபின் மக்கள் அழியவில்லையெனக் கருதும். ஆகவே, மாறாமையே இரக்கத்திற்கு அடிநிலை என்பதை அவர் வேதமே ஒப்புகின்றது. நோவு வளரும், தேயும். நொந்தவன் ஒருநாள் அலுத்துக் கைவிடவுங் கூடும். விகாரமில்லாதான் அன்பு அலுத்தற்கு இடமில்லை. குழந்தையின் நோய்க்குத் தாய் மருந்துண்ணுகின்றாள். அந்நோய் அவளைப் பற்றவில்லையென்பதனால் அவளுக்கு அன்பில்லையென்பார் உளரோ? மிடற்றில் நஞ்சை நிறுத்தினானை வழிபடுவோர்க்கு இது விரித்துரைக்க வேண்டுவதன்று.

எல்லாரும் உய்வரென்றால் இன்றே திருந்துவானேன் என்னுந் தடை எளிது. தீரும் நோயென்று தெரிந்தமையால் எவனும் சுரத்தோடு ஓராண்டு கூடுதலாகப் படுத்திருக்க விரும்புவதில்லை.

இத்தனையுங் கூறியபின் நம்மவரை நோக்கியும் ஒரு சொல் கூறாதொழியின் நடுநிலை தவறியவராவோம். ‘சைவர் கடவுள் கணக்கன்’ என்னும் இகழ்ச்சி பாதிரிமார் நெஞ்சில் வெறுமனே முளைத்ததன்று. தெருவில் வீழ்ந்துகிடப்பானைக் கண்டு ‘அவன் வினை’ எனக் கூறிக் கடந்துபோகும் நீறுபூசியார் பலரை அவர் கண்டனர். கைவிடப்பட்ட பெண்ணைக் கண்டு ‘முற்பிறப்பிற் செய்தது’ என்று கதவடைக்கும் இல்லங்களைக் கண்டனர். வினையூட்டும் உரிமை இறைவனுக்கே உண்டு, நமக்கு இல்லை. அவன் தண்டித்தவனுக்கு அவனே ஊன்றுகோலுங் கொடுத்தானாயின், ஊன்றுகோலும் கொடாத நமக்கு அவன் தண்டத்தைப் பற்றிப் பேச வாயேது? தன்னை விட்டுப்போன மனைவியை விலைகொடுத்து மீட்ட அவ்வெபிரேயப் பெரியாரின் முன், சித்தியாரை மனப்பாடமாக ஒப்பிக்கும் நம்மிற் பலர் தலைகுனிய வேண்டியவரே. பரபக்கத்தை மறுக்குமுன் இது செய்யத்தக்கது.

கிறிஸ்து சமயத்து அறிஞர்க்கு இறுதியாக ஒரு வினா. பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 9-ஆம் அதிகாரத்தில் ஓசியாவை எடுத்தாள்கின்றார்; மக்களல்லாதார் மக்களாவர் என்னும் அவ்வாக்கை இஸ்ரவேலர்க்குப் புறம்பானார்மேலும் செலுத்துகின்றார். 11-ஆம் அதிகாரத்தில், எல்லார்மேலும் இரங்கும்பொருட்டே கடவுள் எல்லாரையும் கீழ்ப்படியாமையுள் அடைத்தார் என முடிக்கின்றார். அங்குள்ள இரண்டு ‘எல்லார்’ என்னுஞ் சொற்களில், அடைக்கப்பட்டோரைக் குறித்த முன்னது உலகனைத்தையுங் குறிக்குமென்றும், இரக்கம் பெறுவாரைக் குறித்த பின்னது சிலரையே குறிக்குமென்றும் கொள்ளுதற்கு எவ்விலக்கணம் இடந்தருகின்றது? இதற்கு அவர் விடை எழுதுவராயின், அதனை ஒரு சொல்லுங் குறையாது இவ்விதழிலேயே வெளியிடுமாறு இதழாசிரியரை யாமே வேண்டிக்கொள்வோம்.